படத்தைக் கலைத்து, ஒரு பிக்சல்கூட மாறாமல் திரும்ப எடுப்பது எப்படி

எங்கள் குடும்பக் குழுவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் படப்புதிர் போடுவது என் வேலை. பழைய ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து, ஒரு மூலையை மட்டும் வெட்டிப் போட்டு, "இது யார் வீட்டுத் திண்ணை?" என்று கேட்பேன். விடைப்படத்தையும் அப்போதே குழுவில் போட்டுவிட வேண்டும், ஆனால் சாயங்காலம் வரை யாராலும் அதைப் பார்க்க முடியக்கூடாது, சாயங்காலம் நான் ஒரு சொல்லைச் சொன்னதும் அவரவரே திறந்துகொள்ள வேண்டும். இதற்காக எழுதிய நிரல் முப்பது வரிக்குமேல் இல்லை. அதை எழுதும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், அதோடு படத்தைத் திறக்க பில்லோ, எண்களை வேகமாக நகர்த்த நம்பை என்ற இரண்டு நூலகங்கள் வேண்டும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். படத்தை மங்கலாக்குவதும் கட்டம்கட்டமாக்குவதும் இந்த வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அவை பல பிக்சல்களின், அதாவது படத்தின் நிறப்புள்ளிகளின், சராசரியை எடுத்துவிட்டு மூலத்தைத் தூக்கி எறிகின்றன. சுழல்போல முறுக்குவது வேறு வகை. அதில் பிக்சல்கள் பெரும்பாலும் இடம்தான் மாறுகின்றன, எதிர்ப்பக்கம் முறுக்கினால் முகம் வந்துவிடும். 2007-இல் இன்டர்போல் தேடிய ஒரு குற்றவாளி இணையத்தில் போட்ட படங்களில் தன் முகத்தை இப்படித்தான் முறுக்கி வைத்திருந்தான், ஜெர்மன் போலீஸ் அதை அவிழ்த்து முகத்தை வெளியே கொண்டுவந்தது, ஆளும் பிடிபட்டான். நமக்கு வேண்டியது இந்த இரண்டும் இல்லை: எந்த பிக்சலின் நிறத்தையும் தொடாமல் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிய முறை சாவி தெரிந்தவருக்கு மட்டும் தெரிய வேண்டும்.

படத்தை விட்டுவிட்டு ஒரு சொல்லில் செய்து பார்ப்போம். "மழைக்காலம்" என்பதில் ஆறு எழுத்துகள்: ம, ழை, க், கா, ல, ம். நிரலில் எண்ணுவதுபோல 0 முதல் 5 வரை இடம் கொடுங்கள். இப்போது ஒரு வரிசைப் பட்டியல்: 4, 2, 0, 5, 1, 3. இதன் பொருள், புதிய சொல்லின் முதல் இடத்துக்குப் பழைய 4-ஆம் இடத்து எழுத்து வரும், அடுத்ததற்கு 2-ஆம் இடத்து எழுத்து, இப்படியே. கிடைப்பது "லக்மம்ழைகா".

திரும்ப எடுக்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அதே பட்டியலை வைத்து இன்னொரு முறை கலைத்தால் பழையது வரும் என்று நினைக்கத் தோன்றும், வராது, "ழைமலகாக்ம்" என்று இன்னும் கலைந்துபோகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: கலைந்த சொல்லின் முதல் எழுத்தை எடுத்து 4-ஆம் இடத்தில் வை, இரண்டாவதை 2-ஆம் இடத்தில் வை. கலைக்கும்போது பட்டியல் "எங்கிருந்து எடு" என்று சொல்கிறது, மீட்கும்போது அதே பட்டியல் "எங்கே வை" என்று சொல்கிறது. இந்த ஒரு வாக்கியம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எழுத்துவேலைதான். காகிதத்தில் ஆறு எழுத்தை வைத்து ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அப்புறம் கணினிக்குப் போங்கள், நிச்சயமாக நேரம் மிச்சமாகும்.

இனி படம். கைபேசி எடுக்கும் 4000 × 3000 படத்தில் 1.2 கோடி பிக்சல்கள் இருக்கின்றன. அவற்றை மேலிருந்து கீழாக ஒரே நீள வரிசையாக்கிக்கொண்டால் அதுவும் "மழைக்காலம்" மாதிரிதான், எழுத்துகள் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. நிரலின் போக்கு இது:

சாவிச் சொல்லை வாங்கு.
சொல்லை ஷா-256 (ஒரே சொல்லுக்கு எப்போதும் ஒரே நீண்ட எண்ணைத் தரும் கணக்குமுறை) வழியாக ஒரு பெரிய எண்ணாக்கு.
அந்த எண்ணை விதையாக (தொடக்க எண்ணாக) வைத்து, தற்செயல்போன்ற எண்களைத் தரும் ரேண்டம் எந்திரத்தைத் தொடங்கு.
படத்தைத் திற, ஆர்ஜிபி (பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்) வடிவத்துக்கு மாற்று, பிக்சல்களை ஒரே வரிசையாக்கு.
0 முதல் கடைசி பிக்சல் எண் வரை ஒரு பட்டியல் போடு.
பட்டியலைக் கலை.
கலைக்கும் வேலை என்றால்: புதியது = பழையதில் பட்டியல் சொல்லும் இடங்கள்.
மீட்கும் வேலை என்றால்: புதியதில் பட்டியல் சொல்லும் இடங்கள் = பழையது.
அதே அகல உயரத்துக்கு மடித்து, பிஎன்ஜி (பிக்சல் எதுவும் மாறாமல் சேமிக்கும் வகை) கோப்பாகச் சேமி.

கடைசிக்கு முந்தைய இரண்டு வரிகளும் நம்பையில் ஆளுக்கு ஒரு வரிதான். கலைக்கும்போது சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியல் சமக்குறிக்கு வலப்பக்கம் நிற்கும், மீட்கும்போது இடப்பக்கம் நிற்கும். வேறு வித்தியாசமே கிடையாது, அதனால் இரண்டுக்கும் தனித்தனி நிரல் எழுதாதீர்கள். ஒரே நிரல், ஒரே பட்டியல், ஒரு தேர்வு மட்டும். தனித்தனியாக எழுதினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று மறந்துபோகும், அப்புறம் பழைய படங்கள் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும்.

பட்டியலைக் கலைப்பதற்குப் பழைய, நல்ல முறை ஒன்று இருக்கிறது. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-இல் காகிதத்தில் செய்வதற்காக வெளியிட்டது, 1964-இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி எழுதினார். கடைசி இடத்திலிருந்து தொடங்குங்கள். 0 முதல் அந்த இடம் வரை, அந்த இடத்தையும் சேர்த்து, ஏதாவது ஓர் எண்ணை எடுத்து இரண்டு இடங்களிலும் இருப்பதை மாற்றிப் போடுங்கள். ஓர் இடம் முன்னே வந்து அதையே திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலிலிருந்தும் எண் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். மூன்று பொருளில் அப்படிச் செய்தால் 27 வழிகள் வரும், வரிசைகளோ 6 தான், 27-ஐ 6-ஆல் சமமாகப் பங்கு போட முடியாது, அதனால் சில வரிசைகள் அடிக்கடியும் சில அபூர்வமாகவும் வரும்.

பைத்தானிலேயே ஷஃபிள் என்று ஆயத்தமாக இருக்கிறதே, அதை விட்டுவிட்டு இந்த நான்கு வரியை நாமே ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. ஒரே விதை கொடுத்தால் ரேண்டம் என்ற அடிப்படைச் சார்பு எந்தப் பதிப்பிலும் அதே எண்களைத் தரும் என்று பைத்தான் ஆவணம் உறுதி சொல்கிறது. ஷஃபிளுக்கு அந்த உறுதி கிடையாது. நம்பையின் புதிய ரேண்டம் எந்திரத்துக்கும் கிடையாது. இன்று கலைத்த படத்தை ஐந்து வருஷம் கழித்து, வேறு கணினியில், வேறு பதிப்பில் மீட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தே எழுதுங்கள். அடிப்படைச் சார்பு 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு பின்னம் தரும், அதை இடத்தின் எண்ணோடு ஒன்று கூட்டியதால் பெருக்கி முழு எண் பகுதியை மட்டும் எடுத்தால் போதும். 1.2 கோடிக்கு இந்தச் சுழற்சி ஓட சில நொடிகள் ஆகும், காத்திருக்கலாம்.

விதை விஷயத்தில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இரண்டையும் என் அக்கா மகன் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், இந்த நிரலைப் பார்த்துவிட்டு தானே ஒன்று எழுதினான். மறுநாள் போன் வந்தது. "மாமா, நேத்து தொறந்துச்சு, இன்னிக்கி அதே பாஸ்வேர்டு போட்டா வரவே மாட்டேங்குது." நிரலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஷா-256 நீளமாக இருக்கிறது என்று, சொல்லை எண்ணாக்கப் பைத்தானுக்குள்ளேயே இருக்கும் ஹாஷ் என்ற சார்பைப் பயன்படுத்தியிருந்தான். பைத்தான் 3.3-இலிருந்து அந்தச் சார்பு, பாதுகாப்புக் காரணத்துக்காக, நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லுக்கு வேறு வேறு எண் தரும்படி மாற்றப்பட்டுவிட்டது. முதல் நாள் திறந்தது எப்படி என்றால், கலைத்ததும் மீட்டதும் நிரலை மூடாமல் ஒரே ஓட்டத்தில். நல்லவேளை, மூலப்படத்தை அவன் அழித்திருக்கவில்லை.

இரண்டாவது, தமிழில் சாவி வைப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவன் சாவியைக் "கொய்யா" என்று மாற்றினான். மடிக்கணினியில் கலைத்த படம் கைபேசியில் அதே சொல்லைத் தட்டினால் மீளவில்லை. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரிந்தன. எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்று, பைட்டுகள் வேறு, ஆகவே ஷா-256 எண்ணும் அடியோடு வேறு. கோ, கௌ இவற்றுக்கும் இதே கதைதான். தீர்வு ஒரே வரி: பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா நூலகத்தில் உள்ள நார்மலைஸ் சார்பைக் கூப்பிட்டு, என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிவிட்டு அப்புறம் எண்ணாக்குங்கள். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் வெட்டிவிடுங்கள், கைபேசி தானாகவே சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடும்.

படத்தைத் திறப்பதிலும் சேமிப்பதிலும் சில சின்ன விஷயங்கள். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பல சமயம் கோப்புக்குள் படுத்தே கிடக்கும், "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் கோப்போடு வரும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் இருக்கும், அதனால் திறந்த உடனே பில்லோவின் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் வழியாக உண்மையாகவே நிமிர்த்திவிடுங்கள். ஜிஃப் போன்ற வண்ணப்பட்டியல் படங்களையும் ஆர்ஜிபிக்கு மாற்றியே ஆக வேண்டும். இதைவிட முக்கியமானது, அந்த எக்ஸிஃப் பகுதியைப் புதிய கோப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். கேமரா அதற்குள் மூலப்படத்தின் சிறு நகல் ஒன்றை வைத்திருக்கலாம், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூட இருக்கலாம். வெளியே 1.2 கோடி பிக்சலையும் கலைத்துவிட்டு உள்ளே அஞ்சல்தலை அளவில் அதே படத்தைத் தெளிவாக அனுப்பினால் செய்த வேலைக்கே அர்த்தமில்லை. பிக்சல் வரிசையிலிருந்து புத்தம் புதிய படமாக உருவாக்கிச் சேமித்தால் இந்தத் தொல்லை இருக்காது.

சேமிப்பது பிஎன்ஜியில்தான். கோப்பு பெரிதாகிவிட்டதே என்று திடுக்கிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுபோல இருப்பதை வைத்துத்தான் படத்தைச் சுருக்கும் முறைகள் பெரும்பாலும் சுருக்குகின்றன, அந்த ஒற்றுமையைத்தான் நாம் கலைத்துவிட்டோம். 4000 × 3000 படத்துக்குப் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 3.6 கோடி பைட், அதாவது 36 எம்பி. பல படங்களில் அதற்கு ரொம்பக் கீழே இறங்காது. புதிருக்கு 1200 பிக்சல் அகலமே தாராளம், கலைக்கும் முன்பே சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த பிஎன்ஜியை உரையாடல் செயலியில் "போட்டோ" என்று அனுப்பினால் அது ஜேபெக்காக, அதாவது சில விவரங்களை இழந்து சுருங்கும் வகையாக, மாறிப் போகும், பெரும்பாலும் அளவும் குறையும். அளவு மாறாமல் ஜேபெக் மட்டும் ஆனால், மீட்ட படத்தில் உருவம் தெரியும், ஆனால் நிறம் வெளுத்து, மேலே மணல் தூவியதுபோல இருக்கும். ஜேபெக் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைச் சராசரியாக்குகிறது, கலைந்த படத்திலோ பக்கத்தில் நிற்பது வானத்துப் பிக்சலும் சேலைப் பிக்சலும். அளவும் குறைந்துவிட்டால் ஒன்றுமே வராது, பட்டியலின் நீளமே வேறாகிவிடுகிறது. ஆகவே "டாக்குமெண்ட்" என்று இணைத்து அனுப்புங்கள். என் முதல் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போனது, சாயங்காலம் சாவியைச் சொன்ன பிறகும் இருபது பேர் சாம்பல் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜேபெக்காகத்தான் போகும் என்று தெரிந்தால் ஒரு மாற்று வழி உண்டு. பிக்சல் பிக்சலாகக் கலைக்காமல் 16 × 16 கட்டங்களாக வெட்டி, கட்டங்களை மட்டும் கலையுங்கள். ஜேபெக் 8 × 8 கட்டங்களில் வேலை செய்கிறது, நிறத்தைப் பாதியாக்கும்போது 16 × 16 என்ற கணக்கு வருகிறது, நம் கட்டமும் அதோடு சரியாகப் பொருந்தினால் அதன் சேதம் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும், மீட்ட படம் சாதாரண ஜேபெக் தரத்தில் இருக்கும். அகல உயரம் 16-ஆல் வகுபடாவிட்டால் ஓரத்தில் கறுப்பு சேர்த்து நிரப்பிக்கொண்டு, பழைய அளவைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். அளவைக் குறைக்கும் செயலியிடம் இதுவும் தோற்கும், அதனால் அந்தச் செயலி கைவைக்காத அளவுக்குப் படத்தை முன்னமே சிறிதாக்க வேண்டும்.

ஆனால் கட்டங்களில் ஒரு பலவீனம் இருக்கிறது. கண், காது, சேலைக்கரை எல்லாம் துண்டுதுண்டாகத் தெரியும், விளிம்போடு விளிம்பு பொருத்திப் பார்த்து ஒரு நிரலே அதைச் சேர்த்துவிடும். ஐரோப்பாவில் 1990களில் கட்டணத் தொலைக்காட்சிகள் இதில்தான் மாட்டின. நாக்ராவிஷன் என்ற முறை திரையின் கோடுகளை இடம் மாற்றியது, வீடியோகிரிப்ட் ஒவ்வொரு கோட்டையும் ஓரிடத்தில் வெட்டிச் சுழற்றியது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்ற ஒரே உண்மையை வைத்துக்கொண்டு, சந்தா அட்டை இல்லாமலே, வீட்டுக் கணினியில் படத்தை அடுக்கிப் பார்த்தார்கள்.

சாவியே இல்லாமல் கலைக்கும் அழகான முறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும், குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் ஆர்னல்ட் 1960களில் ஒரு பூனைப் படத்தை வைத்து விளக்கியதால் இதற்கு ஆர்னல்ட் பூனை என்றே பெயர். சதுரப் படம் வேண்டும். ஒரு பிக்சலின் குறுக்கு எண்ணையும் நெடுக்கு எண்ணையும் கூட்டினால் புதிய குறுக்கு எண், அதோடு பழைய நெடுக்கு எண்ணை இன்னொரு முறை கூட்டினால் புதிய நெடுக்கு எண், இரண்டையும் படத்தின் பக்க அளவால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 5 × 5 படத்தில் (1,1)-இல் இருக்கும் பிக்சலைப் பின்தொடருங்கள்: (2,3), (0,3), (3,1), (4,0), (4,4), (3,2), (0,2), (2,4), (1,0), பத்தாவது அடியில் மறுபடி (1,1). அந்தப் படத்தின் எல்லாப் பிக்சல்களும் பத்தாவது அடியில் வீடு திரும்பியிருக்கும்.

பக்கம் 124 என்றால் 15 அடியில் படம் திரும்பிவிடும், 101 என்றால் 25, 150 என்றால் 300, 512 என்றால் 384. பக்க அளவைப்போல மூன்று மடங்குக்குமேல் ஒருபோதும் போகாது என்று ஃப்ரீமன் டைசனும் ஹரால்ட் ஃபாக்கும் 1992-இல் நிறுவியிருக்கிறார்கள். எண்களைப் பார்ப்பதைவிட, 124 பக்கத்தில் ஒரு முகத்தைப் போட்டு ஒவ்வோர் அடியையும் திரையில் ஓடவிடுங்கள். முகம் கோடுகோடாக இழுபட்டு, புழுதியாகி, பதினைந்தாவது அடியில் சட்டென்று பழைய இடத்தில் வந்து நிற்கும். என் அக்கா பேத்தி அதை எட்டு முறை போடச் சொன்னாள். ஆனால் பூட்டாக இதை வைக்காதீர்கள். எத்தனை அடி என்று தெரியாதவரும் அடியை மேலே போட்டுக்கொண்டே போனால் படம் தானாக வந்துவிடும்.

சரி, சாவி வைத்த நம் நிரல் எவ்வளவு பாதுகாப்பு? புதிருக்கு, கதை முடிவைச் சொல்லும் படத்தை மறைப்பதற்கு, தற்செயலாகக் கண்ணில் படாமல் இருப்பதற்கு, போதும். ரகசியத்துக்குப் போதாது. இடம்தான் மாறுகிறது, நிறம் மாறுவதில்லை, வயல்வெளிப் படம் கலைந்தாலும் பச்சைப் புழுதியாகத்தான் இருக்கும். இன்னொன்று, சாவியும் பிக்சல் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் வரிசைப் பட்டியலும் ஒன்றே. 24 பிட் நிறத்தில் (அதாவது பிக்சலுக்கு 3 பைட்) 1,67,77,216 நிறங்கள் உண்டு, நம் படத்தில் 1.2 கோடி பிக்சல்தான், ஆகவே ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு தனி நிறம் கொடுத்து ஒரு படம் செய்து, அதை உங்களிடம் கலைத்துத் தரச் சொன்னால், திரும்பி வருவதைப் பார்த்தே பட்டியல் முழுவதையும் எழுதிவிடலாம். அப்புறம் அந்த அளவில் நீங்கள் கலைத்த எல்லாப் படமும் திறந்த புத்தகம். இதைத் தடுக்க, ஒவ்வொரு படத்துக்கும் தற்செயலாக ஓர் எண்ணைச் சாவியோடு ஒட்டி எண்ணாக்குங்கள், அந்த எண்ணைக் கோப்பின் பெயரில் வெளிப்படையாகவே எழுதலாம். ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் படம் இவற்றுக்கு இந்த நிரலே வேண்டாம். செவன்-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் நிரலில், ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்புங்கள், அதுவும் இலவசம்தான்.

மூலப்படத்தை அழிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் ஒரு சோதனை. நிரலை முழுக்க மூடிவிட்டு, திரும்பத் திறந்து, கலைந்த கோப்பை வட்டிலிருந்து படித்து மீட்டு, மூலத்தின் பிக்சல் வரிசையோடு நம்பையின் அரே ஈக்வல் மூலம் ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஓரத்தில் ஒரு வரி நகர்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கோப்போடு கோப்பை ஒப்பிடவும் வேண்டாம், மூலம் ஜேபெக், மீட்டது பிஎன்ஜி, பைட்டுகள் ஒத்துப்போகவே போகாது. பிக்சல்கள்தான் ஒத்துப்போக வேண்டும். நான் கொய்யா, கோவில், கௌதாரி என்று மூன்று சாவிகளை வைத்து, கைபேசியில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை என்று மாற்றி மாற்றித் தட்டி, ஆறு முறையும் "ஆம்" வந்த பிறகுதான் நிரலை அக்கா மகனுக்கு அனுப்பினேன்.